தோல், பூட்ஸ், பாட்டு: ராப் இசையில் குற்றமும் செல்வமும் அதிகாரமும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் பெயரால் நடக்கும் கூட்டத்தில் ராப் பாட்டைப் பற்றி என்ன பேச இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பேச நிறைய இருக்கிறது என்றே நினைக்கிறோம். பண்டிதர் தன் வாழ்நாள் முழுவதும் பெயர்களோடு சண்டை போட்டவர். 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தொடங்கியபோதும், 1907 ஜூன் 19 அன்று சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டபோதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். நம்மை இழிந்தவர், தீயவர், குற்றமுடையவர் என்று எழுதி வைத்தவன் யார்? எழுதும் அதிகாரத்தை அவனுக்குக் கொடுத்தது யார்? அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயலிலும் நம் திருப்பத்தூரிலும் இயங்கின. சாதிபேதமற்றவர்கள் என்று அவர் நமக்குச் சூட்டிய பெயர், ஒரு நூற்றாண்டு கழித்து இசைக்குழுவின் பெயராக மேடையேறியது. 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அந்தச் சொல்லிலிருந்து பிறந்த குழு. கானாவும் ராப்பும் பறையும் கிதாரும் அங்கே ஒன்றாக நின்றன. ஆகவே பண்டிதரிடமிருந்து ராப்புக்கு வரும் பாதை நாம் புதிதாகப் போட்டதில்லை.

ராப் பாட்டைக் குறை சொல்பவர்கள் மூன்று சொற்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: குற்றம், பணம், அதிகாரம். துப்பாக்கி, தங்கச் சங்கிலி, மார்தட்டல். இந்த மூன்றையும் பாலாற்றங்கரையில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இந்த உரை. தோல் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு இந்த மூன்றும் பாட்டிலிருந்து தெரியவந்தவை அல்ல. குடிக்கும் தண்ணீரிலும் வாங்கும் கூலியிலும் தினம் பார்ப்பவை.

1. ஓர் ஆண்டு, இரண்டு இடங்கள்

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்விக் அவென்யூ 1520 எண் கட்டடம். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண் சிண்டி கேம்பெல், பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க ஒரு விருந்து நடத்தினார். சில்லறைக் காசுதான் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன், கூல் ஹெர்க். ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக உலகம் கொண்டாடுவது இந்த நாளைத்தான். ஒரு ஏழைப் பெண்ணின் புதுத்துணி ஆசையில் தொடங்கிய கலை இது. அதில் பகட்டு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் இந்தத் தொடக்கத்தை நினைவில் வைக்க வேண்டும்.

அந்த பிராங்க்ஸ் அன்று எப்படி இருந்தது? நகரத்தைக் கிழித்துக்கொண்டு போன விரைவுச்சாலைக்காகப் பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். கறுப்பர் வாழும் பகுதிக்கு வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தன. காப்பீட்டுப் பணத்துக்காகத் தங்கள் கட்டடங்களுக்கே தீவைக்க ஆள் அமர்த்திய உரிமையாளர்கள் இருந்தார்கள். ஊர் எரிந்தது. எரித்தவன் பெயர் செய்தியில் வரவில்லை. எரிந்த தெருவில் நின்ற பையனின் பெயர் 'குற்றவாளி' என்று வந்தது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' 1982இல் வெளிவந்தபோது, அந்தத் தெருவின் நிலையைத் தெருவிலிருந்தே சொன்ன சாட்சியமாக அது கேட்கப்பட்டது.

பிறகு 1986இல் அமெரிக்க அரசு ஒரு போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளையரிடம் அதிகம் புழங்கிய தூள் கோக்கைன் 500 கிராம் வைத்திருந்தால் என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, அதே தண்டனை கறுப்பர் தெருக்களில் புழங்கிய கிராக் வகை 5 கிராம் வைத்திருந்தாலே கிடைத்தது. ஒன்றுக்கு நூறு. இந்தச் சமனற்ற தராசுக்குக் கீழேதான் குற்றத்தைப் பாடும் ராப் வளர்ந்தது. 1988இல் என்.டபிள்யூ.ஏ. குழு காவல்துறையின் கொடுமையைப் பாடியது. அடுத்த ஆண்டு மத்தியப் புலனாய்வுத் துறையிலிருந்து அந்தப் பாட்டின் நிறுவனத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் போனது. அடித்ததை விட, அடித்ததைப் பாடியது பெரிய விஷயமாகிவிட்டது.

அதே 1973இல் நம் பக்கம் என்ன நடந்தது? சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு அளவுக் கட்டுப்பாடு விதித்தது. முழுதாகப் பதனிட்ட தோலும் செருப்பும் பூட்ஸும் ஏற்றுமதியாக வேண்டும், அப்போதுதான் அந்நியச் செலாவணி கூடும் என்பது நோக்கம். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேர்த் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அங்கே பிறந்த பாட்டும் இங்கே மாறிய தொழிலும் பின்னால் ஒரு பூட்ஸில் சந்திக்கும்.

2. தோலுக்கு ஏறிய விலை

நம் வட்டாரத்தின் கதையை ஏற்றுமதிக் கழகங்கள் சொல்லும்போது ஆண்டு வருமானத்தில் தொடங்குவார்கள். நாம் சுண்ணாம்புக் குழியில் தொடங்குவோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழில் வேர்விட்டதற்குக் காரணங்கள் உண்டு. பாலாற்றின் ஊற்று நீர், காட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும், சென்னைத் துறைமுகத்துக்கு ரயில், பிறகு மலிவான கைகள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட மதராஸ் தோலுக்கு லண்டன் சந்தையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெயர் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைக் கொண்டுவந்தார். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அதன் அடையாளம். நம் ஊர்களில் குரோம் பெருவாரியாகப் பரவியது 1973க்குப் பிறகு. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய வேலை, சுழலும் மர டிரம்முக்குள் ஓரிரு நாளில் முடிந்தது. தோல் நீலமாக வெளியே வந்தது. தண்ணீரும் நிறம் மாறி வெளியே போனது.

குழிக்குள் இறங்கி நின்றது யார்? பச்சைத்தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சுரண்டியது யார்? பெரும்பாலும் சேரியிலிருந்து போனவர்கள். டி. செல்வராஜின் 'தோல்' நாவல் திண்டுக்கல் தொழிலாளர்களைப் பற்றியது. ஆனால் அதைப் படிக்கும் ஆம்பூர்க்காரர் எவரும் அந்தக் குழியை அடையாளம் காண்பார். முதல் போட்டவர்களில் முஸ்லிம் வணிகர்கள் பலர். அதை வைத்து இந்த வரலாற்றை மதச் சண்டையாக மாற்ற வருபவர்களுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. கூலிக்கு நின்ற முஸ்லிம்களும் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. குழிவேலையைச் சேரிக்கு ஒதுக்கியது சாதி. அந்த ஒதுக்கலில் லாபம் பார்க்க எந்த மதத்து முதலாளிக்கும் தடை இருந்ததில்லை.

தோலில் ஒரு விசித்திரம் உண்டு. பச்சையாக இருக்கும்போது அது தீட்டு. தொட்டவனும் தீட்டு. சுண்ணாம்பில் ஊறி, குரோமில் சுழன்று, சாயம் ஏறி, தையல் விழுந்து, கண்ணாடி அலமாரியில் உட்காரும்போது அதே தோல் அந்தஸ்து. விலை ஏற ஏறத் தீட்டு குறைகிறது. தோல் சுத்தமாகிவிடுகிறது, பதனிட்டவர் மட்டும் சுத்தமாவதில்லை. சாதியும் சந்தையும் எப்படிக் கைகோத்து வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டியதில்லை.

ஷூ கம்பெனிகள் வந்த பிறகு வேலைக்குப் போனவர்களில் பெண்கள் அதிகம். விடியலில் ஊர் ஊராகக் கம்பெனி வண்டி வரும். கம்பெனிக்குப் போக முடியாத பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. ஐரோப்பியக் கடையில் அந்த ஜோடி ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும். தைத்தவர் பெயர் சம்பளப் பதிவேட்டிலும் இருக்காது, பூட்ஸுக்குள் ஒட்டிய சீட்டிலும் இருக்காது.

3. பூட்ஸ் போட்டவன் குற்றவாளி

பிராங்க்ஸும் ஆம்பூரும் பூட்ஸில் சந்திக்கும் என்று சொன்னோம். 1986இல் ரன்-டிஎம்சி என்ற ராப் குழு 'மை அடிடாஸ்' என்று தங்கள் பூட்ஸைப் பற்றியே ஒரு பாட்டு வெளியிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் பகட்டு. அதற்குப் பின்னால் ஒரு வாதம் இருந்தது. நாடா கட்டாமல் அப்படி பூட்ஸ் போடுவது சிறைக்கைதிகளின் வழக்கம், அப்படிப் போடும் கறுப்புப் பையன்கள் ரவுடிகள் என்று அந்நாளில் ஒரு பேச்சு இருந்தது. இந்த பூட்ஸோடு நாங்கள் போன நல்ல இடங்களைப் பார் என்பது பாட்டின் பதில். அதே ஆண்டு மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவர்கள் கேட்டதும் கூட்டம் பூட்ஸைக் கழற்றி உயர்த்திப் பிடித்தது. அதை நேரில் பார்த்த நிறுவனத்தார் பத்து லட்சம் டாலர் அளவிலான ஒப்பந்தம் போட்டார்கள். காலில் இருந்த குற்ற அடையாளம் ஒரே பாட்டில் செல்வ அடையாளமாக மாறியது.

இதை நம் மண்ணில் வைத்துப் பாருங்கள். தோலைப் பதனிட்ட சாதியார் செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது என்பது இந்த நாட்டின் நெடுநாள் வழக்கம். பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் காலணி அணிவதையோ புத்தாடை உடுத்துவதையோ சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ தடுப்பது குற்றம் என்று நாடாளுமன்றம் தனியாக எழுதிச் சேர்த்தது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை. சேரிப் பையன் முதல் சம்பளத்தில் பூட்ஸும் கூலிங் கிளாஸும் வாங்கிப் படம் எடுத்துக்கொள்வதைப் பகட்டு என்று கண்டிப்பவர்கள் அந்தச் சட்டப் பிரிவை ஒருமுறை படிக்கட்டும்.

தோலைத் தொட்டதே மரண தண்டனையான இடங்களும் உண்டு. 2002 அக்டோபர் 15 அன்று ஹரியானாவின் ஜஜ்ஜர் அருகே, பசுவைக் கொன்றதாக வதந்தி பரவி ஐந்து தலித்துகள் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்து, அதைப் படமெடுத்துப் பரப்பினார்கள். அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாடில் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதைக் கைவிடச் சொன்னார். உனாவுக்குப் பிறகு குஜராத் தலித்துகள் மாட்டுச் சடலங்களை ஆட்சியர் அலுவலகத்தில் கொண்டுபோய்ப் போட்டபோது செய்ததும் அதுதான். செய்தால் இழிவு, செய்யாவிட்டால் திமிர், செய்யும்போது பிடிபட்டால் குற்றம். இந்த மூன்று முனைக் கத்தியை அறிந்தவர்களுக்கு ராப்பின் கோபம் அந்நியமாகத் தெரியாது.

4. குற்றத்தின் பதிவேடு

குற்றம் என்ற சொல்லை யார் யார்மீது எழுதுகிறார்கள் என்பதற்கு நம் மாவட்டப் பதிவேடே போதும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகச் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் தீர்ப்பு அது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது அதில்தான். குரோம் பதனிடலில் சுமார் 170 வகை வேதிப்பொருள்கள், ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர், தோல் வட்டாரத்தில் சாகுபடிக்குப் பாதியோ முழுதோ தகுதியிழந்த நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்று அந்தத் தீர்ப்பு கணக்கு வைக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் விதித்த அபராதம் 10,000 ரூபாய். பின்னர் அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001இல், சுமார் 29,000 பேருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் என்று கணித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு. அந்த இழப்பீடும் பெரும்பாலும் நிலத்தை வைத்தே அளக்கப்பட்டது. கிணறு கெட்டால் நிலம் வைத்திருந்தவருக்குத் தொகை உண்டு. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவரும், அந்தக் கிணற்றில் குடித்தவரும் எந்தப் பத்தியில் வருவார்கள்? ஏறக்குறைய 29 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றைப் பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

2015 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்வோம்.

ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்குள் படுத்திருந்தவர்கள் மேல் நச்சுச் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். குழிக்குள் இறங்க நம் பிள்ளைகள் மறுக்கத் தொடங்கியதும் அந்த இடத்துக்கு வேறு மாநிலத்து ஏழை கொண்டுவரப்பட்டான்.

ஏப்ரல் 7. ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைப் பக்கத்தவர்களும் அவர்களில் உண்டு. மரத்தின் விலை கோடிகளில். அந்தக் கோடிகளுக்குச் சொந்தக்காரர் எவரும் அன்று காட்டில் இல்லை.

அக்டோபர் 30. மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன், டாஸ்மாக் கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக நள்ளிரவில் கைது செய்யப்பட்டார். அவர்மீது எழுதப்பட்ட பிரிவு 124ஏ, தேசத்துரோகம்.

ஒரே ஆண்டின் மூன்று நாள்களை அடுத்தடுத்து வைத்தால் ராப் பாட்டின் முழு இலக்கணமும் வந்துவிடுகிறது. செல்வத்தின் சேறு ஏழை மேல் விழுகிறது, செல்வத்தின் குண்டு ஏழை மேல் பாய்கிறது, அதைப் பாடினால் பாட்டு குற்றமாகிறது. 1871இல் வெள்ளையர் அரசு குற்றப்பரம்பரைச் சட்டம் இயற்றி, சில சமூகங்களில் பிறப்பதையே குற்றமாக்கியது. 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சட்டம் போய்விட்டது. காவல் நிலைய ரவுடிப் பட்டியலில் அதன் கையெழுத்து இன்னும் தெரிகிறது.

5. பறையை வைத்தவர்கள், எடுத்தவர்கள்

நம் பாட்டுக்கும் தோலுக்கும் உள்ள உறவு ராப்பைவிடப் பழையது. பறை என்பதே தோல். பதனிட்டுக் கட்டி, தீயில் காய்ச்சி, அடித்தவர் எல்லாம் ஒருவரே. ஆனால் ஊர்ச் சாவுக்கு அடிப்பது கட்டாய ஊழியமாக இருந்தது. அதனால் வட ஆற்காட்டில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பும் பிறகு குடியரசுக் கட்சியும் வேரூன்றிய சேரிகளில், நம் முன்னோர்கள் பறையைக் கீழே வைத்தார்கள். வைத்ததற்காக அடிபட்டார்கள். அது இசையை வெறுத்த செயல் என்று இன்று சிலர் எழுதுகிறார்கள். கூலியில்லா ஊழியத்தை மறுத்த வேலைநிறுத்தம் என்று நாம் அதைப் படிக்கிறோம். 1990களில் தலித் கலை விழாக்களும், மதுரையில் தியாபிலஸ் அப்பாவு போன்றோரின் உழைப்பும் பறையை மறுபடி கையில் கொடுத்தன. இந்த முறை சாவுக்காக அல்லாமல் மேடைக்காக, நம் விருப்பப்படி. முதலில் மறுத்தவர்கள் இருந்ததால்தான் பிறகு எடுத்தவர்களுக்கு மரியாதை கிடைத்தது.

தமிழில் ராப் முதலில் வலுப்பெற்றது மலேசியாவில். தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டு நகர விளிம்பில் குடியேறிய தமிழர்களின் பிள்ளைகள் அதைத் தங்கள் மொழியாக்கிக்கொண்டார்கள். யோகி பி குழுவின் 'வல்லவன்' தொகுப்பு 2006இல் வந்தது. லண்டனில் ஈழத்துப் பெண் மாயா, எம்.ஐ.ஏ. என்ற பெயரில், 2007இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் துப்பாக்கிச் சத்தத்தையும் கல்லாப்பெட்டிச் சத்தத்தையும் அடுத்தடுத்து வைத்தார். குடியேறி வந்தவர்களைத் திருடர்களாகப் பார்க்கும் நாட்டுக்கு அதன் கற்பனையையே திருப்பிக் காட்டிய கேலி அது.

நம் பக்கத்திலிருந்து வந்தவர் அறிவு. அரக்கோணத்துக்காரர். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரியும் வரை அரக்கோணமும் வேலூர் மாவட்டம்தான். 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையிலும், 2019இல் வந்த 'தெருக்குரல்' தொகுப்பிலும் அவர் செய்தது ஒரு திருப்பம். அமெரிக்க ராப்பில் பாடகன் பெரும்பாலும் தன்னையே குற்றவாளியாக நிறுத்திப் பேசுவான். இங்கே பாடகன் குற்றப்பத்திரிகை வாசிப்பவனாக நிற்கிறான். நிலம் யாருடையது, இட ஒதுக்கீட்டைக் கேலி செய்பவன் யார், தேசத்துரோகி என்று முத்திரை குத்துபவன் யார் என்ற கேள்விகள் வருகின்றன. அதே குழுவில் பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றி அவர் சில ஆண்டுகளுக்கு முன் பாடிய பாட்டைத் தோண்டியெடுத்து 2024 நவம்பரில் புகார்கள் கொடுத்தார்கள், மிரட்டினார்கள். பறையடிக்க மறுத்ததற்கு அடித்த ஊர், பாடியதற்கும் அடிக்க வருகிறது.

6. பாட்டுக்கு யார் பெயர்?

2021 மார்ச் 7 அன்று 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பிவந்து, காணி நிலம் இல்லாமல் வாழ்ந்த தலைமுறையின் நினைவை, தன் பாட்டி வள்ளியம்மாளின் வழியாக அறிவு அதில் கொண்டுவந்தார். ஒப்பாரி உலகம் முழுவதும் ஆட்டம் போட்டது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள்.

பாட்டு வந்து சரியாக ஒரு மாதம். ஏப்ரல் 7, சட்டமன்றத் தேர்தலின் மறுநாள், அரக்கோணம் அருகே சோகனூரில் இரண்டு தலித் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். பாட்டை உலகம் ஆடிக்கொண்டிருந்தபோது பாடகனின் ஊர்ப்பக்கத்தில் நடந்தது இது. பாட்டால் கொலை நிற்காது. ஆனால் புகழின் கணக்கு வேறு, பாதுகாப்பின் கணக்கு வேறு என்பதை நாம் மறக்கலாகாது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பின் அட்டையில் அறிவு இல்லை. கேள்வி எழுந்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டது. பாட்டை உருவாக்கியதில் தன் பங்கு என்ன என்று அறிவு பொதுவெளியில் எழுதினார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தன் தரப்பைச் சொன்னார்: பாட்டு அறிவும் தீயும் தானும் சேர்ந்து செய்தது, வருவாயும் மூவருக்கும் சமம். 2024 மார்ச்சில் அவரே, மூவருக்கும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு காசும் வரவில்லை என்று சொன்னார். பாட்டை வெளியிட்ட நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

யார் தரப்பு சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. தோல் வட்டாரத்தவராக நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம். பச்சைத்தோல் ஓர் ஊரில், பதனிடல் ஓர் ஊரில், தையல் ஓர் ஊரில், பெயர்ச்சீட்டு ஒட்டுவது கடல் தாண்டி. ஒட்டுபவனுக்குத்தான் பெரும்பணம். பாட்டிலும் அப்படியே. பாட்டியின் ஒப்பாரி பச்சைத்தோல். பேரன் அதைப் பதனிட்டான். சந்தை பெயர்ச்சீட்டை ஒட்டியது. பாதி பதனிட்ட தோலை வெளியே விடாதே, முழுப்பொருளாக்கி விற்று முழுவிலை வாங்கு என்று 1973இல் அரசு முதலாளிகளுக்கு வழி காட்டியது. நம் கலைஞர்களுக்கு அப்படி வழி காட்டிய அரசு எது?

தங்கமும் இதே கதைதான். கோலார் தங்கவயலின் ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போனவர்கள். 2018இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்.' படத்தில் தங்கமும் துப்பாக்கியும் நாயகனும் இருந்தார்கள். சுரங்கத்தை வெட்டிய தமிழ் தலித்துகளின் வரலாறு இல்லை. அந்த இடத்தை நிரப்ப 2024இல் பா.ரஞ்சித்தின் 'தங்கலான்' வர வேண்டியிருந்தது. குற்றத்தையும் செல்வத்தையும் சந்தை விரும்பித்தான் விற்கிறது. உழைத்தவனின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு விற்கிறது.

7. நம் பாட்டிடம் சில கேள்விகள்

ராப்புக்குள் எல்லாம் சரி என்று சொல்ல நாம் வரவில்லை. பெண்ணை வாங்கிய பொருளாகப் பாடும் வழக்கம் அமெரிக்க ராப்பில் வேரோடியது. தமிழ் ராப்பின் தொடக்க வெற்றிகளிலும், 2011இல் பரவிய 'கிளப்புல மப்புல' பாட்டில், குடிக்கும் பெண்ணைக் கண்டிப்பதே பண்பாட்டுக் காவலாக நின்றது. ஷூ கம்பெனி வண்டியில் விடியலில் ஏறும் பெண்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு, பெண்ணின் குரல் இல்லாத ராப்பை நம் இசை என்று சொல்ல முடியாது.

இன்னொன்று சாதிப் பெருமைப் பாட்டு. அதே தாளம், அதே மார்தட்டல், அதே வண்டி, கையில் அருவாள். ஆதிக்கச் சாதிகளின் திருவிழா மேடையில் ராப்பும் கானா மெட்டும் இப்போது ஓடுகின்றன. வடிவம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகாது. அதிகாரம் இல்லாதவன் அதிகாரத்தைப் பாடுவது கனவு. அதிகாரம் உள்ளவன் அதைப் பாடுவது மிரட்டல். ஆனால் நம் இளைஞர்கள் பதிலுக்கு அதே அருவாளைப் பாடினால், மிரட்டலின் இலக்கணத்தை நாமும் ஏற்றுக்கொண்டவர்களாவோம். ரவுடியைக் கொண்டாடும் பாட்டில் கடைசியில் லாபம் பார்ப்பது சினிமாக் கம்பெனியும் காவல் நிலையமும்தான். நம் பையன் வழக்கில் சிக்கி நிற்பான்.

ராப்பின் வலிமை பெயர் சொல்வதில் இருக்கிறது. தெரு, தேதி, தொகை, ஆள். கோபத்துக்கு இந்த விவரங்கள் கிடைத்தால் அது சாட்சியமாகும். கிடைக்காவிட்டால் அது மார்தட்டல். பாலாற்றுத் தீர்ப்பின் எண்களும் திண்ணைத் தையலின் கூலியும் சேற்றுத் தொட்டியில் இறந்தவர்களின் கணக்கும் இன்னும் பாட்டாகவில்லை. நம் வட்டாரத்து ராப் எழுதப்படக் காத்திருக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

8. செய்ய வேண்டியவை

மாணவர்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கிறோம்.

முதலாவது, சேகரிப்பு. சேரிகளின் ஒப்பாரி, அம்பேத்கர் பாட்டு, தோல் கம்பெனிப் பெண்கள் வேலையில் பாடும் பாட்டு ஆகியவற்றைப் பாடியவர் பெயர், ஊர், நாள் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். 'நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் தெரியவில்லை' என்ற வரி பலமுறை நம் பாட்டியின் பெயரை அழிக்கவே பயன்பட்டிருக்கிறது.

இரண்டாவது, உரிமை. 2012ஆம் ஆண்டு பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தின்படி, சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டுக்கு, அதை எழுதியவரும் இசையமைத்தவரும் சமபங்கு ராயல்டி பெறும் உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட முடியாது. எழுதும் பிள்ளைகள் எல்லோரும் இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்துப் போடுமுன் வழக்கறிஞரான ஒரு தோழரிடம் காட்டுங்கள். உரிமைச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். பறையைக் கீழே வைத்த முன்னோர் கூலியில்லா ஊழியத்தை மறுத்தார்கள் என்றால், ராயல்டி இல்லாத பாட்டை மறுப்பது அதன் தொடர்ச்சி.

மூன்றாவது, குற்றம் என்ற சொல்லைச் சரியான இடத்தில் எழுதுவது. பண்டிதர் நான்கு பக்கப் பத்திரிகையை ஒரு பைசாவுக்கு விற்று அந்த வேலையைச் செய்தார். ஆற்றை நீலமாக்கியது குற்றம். மனிதனைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கியது குற்றம். தைத்த கையின் கூலியைத் தின்றது குற்றம். காலில் பூட்ஸ் போட்டு, கையில் மைக் பிடித்து, இந்தப் பட்டியலை உரக்கப் படிப்பது குற்றமில்லை.

ஜெய்பீம்.